குளியல்தொட்டிக்குள் கிடந்த கணினி

2008ஆம் ஆண்டு மாசி மாதம், மழை ஓய்ந்த ஒரு காலையில்தான் அந்த பங்களாவுக்கு முதல் நாள் வேலைக்குப் போனேன். மடவளையிலிருந்து பஸ்ஸில் வந்து, கண்டி வாவிக்கு மேலே ஏறுகிற வீதியில் மூச்சு வாங்க நடந்தேன். வழியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரருக்குப் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய வீடு அது. இப்போது ஒரு தேயிலைக் கம்பனியின் கண்டிக் கந்தோர். கூரை ஓட்டில் பாசி, வராந்தாவில் பிளாஸ்டிக் பூச்சாடி. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எரிந்துபோன ஜன்னல்களுக்குப் பதிலாகக் கம்பனி அலுமினியம் போட்டிருந்தது. அந்த வீட்டுக்கு அலுமினியம் போடலாம் என்று நினைத்தவர்களின் மூளையைப் பற்றி எனக்கு அன்றைக்கே ஒரு கணிப்பு வந்துவிட்டது.

வாசலில் நின்றவர் நவரட்ணராஜா, கணினிப் பிரிவின் மனேஜர். யாழ்ப்பாணத்து மனிதர், கண்டியில் வந்து குடியேறிப் பல வருடம். கழுத்தை இறுக்கிக் கட்டிய டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. கொழும்பிலிருந்து டைரக்டர் யாராவது போன் எடுத்தால் கதிரையை விட்டு எழும்பி நின்றுதான் பேசுவார். எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியவா போகிறது? ஆனாலும் நிற்பார்.

கம்பனி பெரிய விலைக்கு ஒரு மென்பொருள் வாங்கி வைத்திருந்தது. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களின் கொழுந்து நிறை, ஆள்வரவு, ஏலத்தில் போன விலை எல்லாவற்றையும் அள்ளி, பார்த்தவுடன் விளங்குகிற அறிக்கையாகப் போட்டுக் கொடுப்பது அதன் வேலை. அந்த அறிக்கைகள், யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதிகள், எது எப்போது தானாக ஓட வேண்டும் என்ற கட்டளைகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். அதைக் களஞ்சியம் என்போம். என் வேலை அதன் உடம்பைப் பார்ப்பது. ஒவ்வொரு காலையும் திறந்து, வீங்கியிருக்கிறதா, உடைந்த அறிக்கை ஏதும் கிடக்கிறதா, இந்த நேரம் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வாட்டில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு போகிற தாதியின் வேலை மாதிரித்தான். டைரக்டர்மார் அந்த அறிக்கைகளைத் தாங்களாகத் திறந்ததே கிடையாது. அச்சடித்து மேசையில் வைக்கச் சொல்லி, அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைப்பார்கள்.

நான் உட்கார்ந்த கதிரை யோகேந்திரன் என்பவருடையது. களஞ்சியத்தில் இருந்த நல்ல அறிக்கை எல்லாம் அவர் செய்தவை. போன கார்த்திகையில் ஒருநாள் பின்னேரம், வேலை முடித்து இறங்கி, கட்டுகஸ்தோட்டை பஸ் பிடிக்க நடந்து போனார். ஒரு வெள்ளை வான் அவருக்குப் பக்கத்தில் நின்றதை ஒரு கடைக்காரர் கண்டார். பிறகு அதே கடைக்காரர், தான் ஒன்றையும் காணவில்லை என்றார். யோகேந்திரன் வீடு போய்ச் சேரவில்லை.

மறுநாள் அவருடைய மனைவி பொலிஸுக்குப் போக, அங்கிருந்து கந்தோருக்கு போன் வந்தது. எடுத்தவர் நவரட்ணராஜா. இப்படி ஒருவர் உங்களிடம் வேலை செய்கிறாரா, நேற்று வந்தாரா என்று கேட்டார்கள். அவர் எழும்பி நின்றுகொண்டு, யோகேந்திரன் ஒரு கிழமைக்கு முன்னமே வேலையை விட்டு நின்றுவிட்டார், வடக்குப் பக்கம் போகப்போவதாகச் சொன்னார் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு பொய்யோடு எல்லாம் முடிந்தது. ஆள் தானாகவே வன்னிக்குப் போயிருக்கிறான், கடத்தல் ஒன்றும் இல்லை என்று பொலிஸ் முறைப்பாட்டையே எடுக்கவில்லை.

பயத்தை நான் மன்னிப்பேன். அந்த வருடங்களில் பயப்படாத தமிழ் மனிதர் யார்? ஆனால் இந்த மனிதர் அதோடு நிற்கவில்லை. யோகேந்திரன் செய்த ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் 'தயாரித்தவர்: நவரட்ணராஜா' என்று போட வைத்தார். அதுவும் என்னைக் கொண்டு, வேலைக்கு வந்த முதல் கிழமையிலேயே. சீ என்றிருந்தது எனக்கு.

யோகேந்திரனின் மனைவி பத்மாதேவி கிழமைக்கு ஒருமுறை கேற்றடிக்கு வருவார். மெலிந்த பெண், நரைக்கத் தொடங்கிய தலை, கையில் ஒரு குடை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தன் புருஷன் அன்றைக்குப் பின்னேரம் வரை கந்தோரில் இருந்தார் என்று மனேஜர் பொலிஸில் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் முறைப்பாட்டை எடுப்பார்கள், தேடுவார்கள். நவரட்ணராஜா ஒருநாளும் இறங்கிப் போகவில்லை. பியோன் செல்லப்பாவை அனுப்பி, சேர் மீட்டிங்கில் இருக்கிறார் என்று சொல்ல வைப்பார். பங்களாவில் அந்த நேரம் மீட்டிங் ஒன்றும் நடக்காது. மனிதர் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்.

பங்குனி பிறந்து சில நாட்களில் களஞ்சியம் வீங்கத் தொடங்கியது.

இரவோடு இரவாக யாரோ அறிக்கை ஓட்டி ஓட்டிச் சேமித்துக்கொண்டிருந்தார்கள். எந்த உறையில், அதாவது யாருடைய கோப்புறையில் என்று தேடிப் பார்த்தேன். யோகேந்திரனின் சொந்த உறை. களஞ்சியத்துக்குள் நுழைகிற அவருடைய கணக்கை யாரும் மூடவில்லை. மூட வேண்டும் என்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்கவில்லை. உள்ளே கிடந்ததை ஒவ்வொன்றாகத் திறந்தேன். தலைப்பு இல்லை, எண் இல்லை, கோடு இல்லை. வெறும் வெள்ளைப் பக்கங்கள். ஆனால் ஒவ்வொன்றும் பெரிய பெரிய அறிக்கைகளை விடக் கனமாக இருந்தது.

பிறகு, உள்ளே இருப்பவர்களின் பட்டியலைத் திறந்தேன்.

யோகேந்திரன் உள்ளே இருந்தார்.

யாரோ அவருடைய கடவுச்சொல்லைத் திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நவரட்ணராஜாவிடம் சொன்னபோது அவருடைய முகம் சுண்ணாம்பாகிப் போனது. வைரஸாக இருக்கும், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார். ஆனால் தேத்தண்ணி கொண்டு வந்த செல்லப்பா கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நல்ல மனிதர், வாய்தான் நிற்காது. அன்று பின்னேரமே பத்மாதேவிக்குச் சேதி போய்விட்டது.

அடுத்த நாள் காலை அவர் பஸ் தரிப்பில் எனக்காகக் காத்திருந்தார். அந்த முகத்தில் சிரிப்பை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

"தங்கச்சி, அவற்ர பாஸ்வேர்ட் எனக்குக் கூடத் தெரியாது. ஒருத்தருக்கும் சொல்ல மாட்டார். அப்ப அவர்தானே அது? எங்கயோ உயிரோட இருக்கிறார் எண்டுதானே அர்த்தம்?"

எனக்குத் தெரியாது அக்கா, எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்த கை சூடாக இருந்தது.

அன்றைக்கே பார்த்தேன். பட்டியலில் பெயருக்கு எதிரே, எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்றும் காட்டும். வெளிநாடு இல்லை, கொழும்பு இல்லை. கந்தோருக்குள்ளேயிருந்துதான். யோகேந்திரன் பாவித்த பழைய கணினி. அது எங்கே என்று செல்லப்பாவிடம் கேட்டேன்.

"அதுவா மிஸ்? சேர் அன்னைக்கே கழட்டச் சொல்லிட்டாருங்க. நான்தான் பொலிதீன்ல சுத்தி, பழைய பாத்ரூமுக்குள்ள தொட்டியில வச்சேன்."

பங்களாவின் பின்பக்கத்தில், அறைகளுக்கு நடுவே போகிற நீண்ட ஓடையின் கடைசியில் ஒரு குளியலறை இருந்தது. துரைமார் குளித்த இடம். நாலு காலில் நிற்கிற இரும்புத் தொட்டி ஒன்று. அதைத் தூக்க ஒருவராலும் ஏலாமல் அங்கேயே விட்டுவிட்டார்கள். கம்பனி அந்த அறையைப் பழுதான சாமான் போடும் இடமாக ஆக்கிப் பூட்டி வைத்திருந்தது. பூட்டின் திறப்பு நவரட்ணராஜாவின் பையில். அந்த அறைக்குள் மின்சாரம் கிடையாது, பிளக் போட ஓட்டை கூடக் கிடையாது.

இதை நான் பத்மாதேவியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் பஸ் தரிப்பில் நின்றார். ஒவ்வொரு காலையும், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் அக்கா என்றேன்.

களஞ்சியம் இன்னும் வீங்கியது. காலை அறிக்கைகள் பிந்தின. கொழும்பிலிருந்து போன் வந்தது, நவரட்ணராஜா நின்றபடி வாங்கிக் கட்டிக்கொண்டார். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் களஞ்சியத்தைத் துப்புரவாக்குவோம் என்றார். எங்கள் வழக்கம் அதுதான். போயாவில் தோட்டமும் இல்லை, ஏலமும் இல்லை, யாரும் அறிக்கை திறக்க மாட்டார்கள். எல்லாரையும் வெளியே விட்டு, கதவைச் சாத்தி, களஞ்சியத்தை நிறுத்தித் திருப்பிக் கிளப்பலாம்.

பங்குனிப் பௌர்ணமியான மெதின் போயா அன்று மதியம் போனேன். வாவிப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் பிக்குமார் பண ஓதுவது மெல்லக் கேட்டது. மலையிலிருந்து பனி இறங்கி, முற்றத்துப் பூவரசு மரத்தைக் கூட மறைத்திருந்தது. செல்லப்பா கேற்றில் இருந்தார். உள்ளே நானும் நவரட்ணராஜாவும் மட்டும். விடுமுறை நாளிலும் மனிதர் டை கட்டியிருந்தார்.

வெளித்தொடர்பு எல்லாவற்றையும் துண்டித்தேன். பட்டியலைப் பார்த்தேன். என் பெயர் இருந்தது.

அதற்குக் கீழே யோகேந்திரன்.

வெளியே தள்ளினேன். போனார். திரையைப் புதுப்பித்தேன்.

திரும்பி வந்திருந்தார்.

தள்ளு பிள்ளை, இன்னொருக்காத் தள்ளு என்று பின்னால் நின்று நவரட்ணராஜா அவசரப்படுத்தினார். எத்தனை முறை என்று தெரியாது, தள்ளிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் வந்தார். கோபத்தோடு வந்த மாதிரித் தெரியவில்லை. வேலைக்கு வருகிற மனிதர் வருகிற மாதிரி வந்தார்.

கடைசியில் நவரட்ணராஜா என்னை எழுப்பிவிட்டுத் தானே கதிரையில் உட்கார்ந்தார். உங்களுக்கெல்லாம் நான் ஒவ்வொன்றையும் செய்து காட்ட வேண்டியிருக்கிறது என்றார். அந்த மனிதர் அதுவரை களஞ்சியத்தில் தன் கையால் ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. யோகேந்திரனின் கணக்கைத் தேடி எடுத்தார். அழிக்கவா என்று மென்பொருள் கேட்டது. ஓம் என்று அழுத்தினார். கணக்கு போய்விட்டது. உறை போய்விட்டது. திரும்பி என்னைப் பார்த்து, பரிசு வாங்கிய பள்ளிப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

பட்டியலைப் பார்க்கச் சொன்னேன்.

கணக்கு இல்லை. பெயர் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டொக். டொக்.

ஓடையின் கடைசியிலிருந்து.

டொக்.

ஒருவர் விசைப்பலகையை ஆறுதலாகத் தட்டுகிற சத்தம்.

எலி என்றார் நவரட்ணராஜா. குரல் நடுங்கியது. சரி சேர், போய்ப் பார்ப்போம் என்றேன். அவரை அந்த நிலையில் பார்க்க எனக்கு ஒரு வெறி வந்திருந்தது, மறைக்கவில்லை. ஆனால் நானும் வாய்க்குள் குர்ஆனின் ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டேதான் நடந்தேன். ஓடையில் போகப் போகக் குளிர் கூடியது. மண் வாசம் வந்தது. மழை மண் வாசம் இல்லை. ஆழமாகத் தோண்டினால் கீழேயிருந்து வருமே, அந்த வாசம்.

திறப்பை எடுத்து அவர் என்னிடம் நீட்டினார். நான் வாங்கித் திறந்தேன்.

பனி அந்த அறைக்குள்ளும் இருந்தது. உடைந்த கதிரைகள், கண் செத்த மொனிட்டர்கள். நடுவில் தொட்டி. தொட்டிக்குள், பொலிதீனில் சுற்றியபடி, யோகேந்திரனின் கணினியும் விசைப்பலகையும். வயர் எதிலும் சொருகியிருக்கவில்லை. சுருட்டிக் கட்டியபடி பக்கத்தில் கிடந்தது.

பொலிதீனின் உள்பக்கம் ஆவி பிடித்திருந்தது.

ஆவி கூடியது. குறைந்தது. திரும்பக் கூடியது.

உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள்.

பொலிதீனுக்குக் கீழே விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கின. விரல் இல்லை. விசை மட்டும் அமுங்கி, எழும்பியது. ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தது.

நவரட்ணராஜா அந்த ஈரச் சீமெந்தில் முழங்காலில் விழுந்தார்.

"தம்பி, நான் பயத்திலதான் அப்பிடிச் சொன்னனான்," என்று முணுமுணுத்தார். "நீர் அண்டைக்கு வேலைக்கு வந்தனீர். பின்னேரம் வரைக்கும் இருந்தனீர். எனக்குத் தெரியும். என்னை விடும், தம்பி."

சத்தம் நின்றது.

எனக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துவிட்டார்கள். திரும்பினேன். கதவடியில் பத்மாதேவி. போயாவிலும் சேர் வந்திருக்கிறார் என்று சேதி சொல்லி, செல்லப்பாதான் உள்ளே விட்டிருக்கிறார். நவரட்ணராஜா சொன்னது முழுவதையும் அவர் கேட்டுவிட்டார். ஆனால் அவருடைய கண் மனேஜர் மேல் இல்லை, தொட்டியின் மேல் இருந்தது.

"இதில இருந்தோ தங்கச்சி அவர் வாறவர்?"

பொய் சொல்ல மனம் பாய்ந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய ஏலவில்லை.

"ஓம் அக்கா."

அவர் வயரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பொலிதீனில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். தொட்டியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்து, பொலிதீனின் மேல் கையை வைத்தார். ஆவி அந்தக் கைக்கு அடியில் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் கலைந்தது, பிறகு வரவில்லை.

"எங்க வச்சிருக்கிறாங்களோ, குளிருமே எண்டு நினைச்சு நினைச்சு நான் நித்திரையே கொள்ளேல்ல," என்றார்.

அழவில்லை. நான்தான் அழுதேன். எழும்பும்போது நவரட்ணராஜாவிடம் மட்டும் பேசினார்.

"ஆள் இல்லை எண்டு விளங்கிப் போச்சு. எங்க புதைச்சிருக்கிறாங்கள் எண்டாவது தேடட்டும். இப்பவாவது பொலிஸில உண்மையைச் சொல்லுவியளோ?"

நாளைக்கே போகிறேன், சத்தியமாகப் போகிறேன் என்று அவருடைய காலைத் தொட்டுச் சொன்னார் அந்த மனிதர். என் கண் முன்னால்.

போனாரா? போவாரா!

இரண்டு நாள் லீவு போட்டார். திரும்பி வரும்போது டை இருந்தது, மணிக்கட்டில் தடித்த மந்திரித்த நூல் ஒன்றும் இருந்தது. அறைக்குள் ஈரம், பழைய பொலிதீன், எலி, அவ்வளவுதான் என்று எனக்கு விளக்கம் சொன்னார். படித்த பிள்ளை இப்படிப் பயப்படலாமா என்று என்னிடமே கேட்டார். அக்குறணையிலிருந்து பழைய இரும்பு வாங்கும் ஹபீல் நானாவை வரவழைத்து, குளியலறையில் இருந்த கணினி எல்லாவற்றையும் நிறுத்து ஏற்றினார். ஹபீல் நானா அவற்றை முற்றத்திலேயே உடைத்து, செம்பைத் தனியாகவும் தகரத்தைத் தனியாகவும் பிரித்துக்கொண்டு போனார். யோகேந்திரனின் கணினி உடைந்ததை நானே நின்று பார்த்தேன். களஞ்சியத்தின் வீக்கம் வற்றியது. அறிக்கைகள் நேரத்துக்குப் போயின. கொழும்பு பாராட்டியது. அன்று அவர் எழும்பி நின்று பேசிய அழகைப் பார்க்க வேண்டும்.

பட்டியலில் யோகேந்திரன் மட்டும் போகவில்லை. உடைத்து விற்ற கணினியின் பெயரோடு தினமும் இருந்தார். ஒன்றும் ஓட்டுவதில்லை, ஒன்றும் சேமிப்பதில்லை. சும்மா இருந்தார். நான் அவரை வெளியே தள்ளவும் இல்லை. காலையில் திறந்ததும் மனதுக்குள் ஒரு ஸலாம் சொல்வேன்.

சித்திரை வருடப் பிறப்புக்கு முந்திய கிழமை பத்மாதேவி மறுபடி கேற்றுக்கு வந்தார். நல்ல மழை. நேரே மேலே பார்த்துக்கொண்டு நின்றார். நவரட்ணராஜா என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பட்டிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மடிக்கணினி மூடியபடி பைக்குள் இருந்தது. செல்லப்பா வந்து, அம்மா இன்னைக்கு உங்களப் பார்க்காமப் போகமாட்டேங்கிறாங்க சேர் என்றார்.

"நான் கொழும்புக்குப் போயிட்டன் எண்டு சொல்லு," என்றார். "நாளைக்கும் இல்லை, நாளையிண்டைக்கும் இல்லை. ஒருநாளும் இல்லை எண்டு சொல்லிவிடு."

செல்லப்பா இறங்கிப் போனார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்காகத் திரையைப் பார்த்தேன். பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொண்டது.

யோகேந்திரன். உடைத்து விற்ற அந்தக் கணினி.

அதற்குக் கீழே இன்னொரு வரி.

நவரட்ணராஜா. அதே கணினி.

நான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன். எதிரேதான் இருந்தார். விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைக் கடதாசியில் துடைத்துக்கொண்டிருந்தார். திரையைத் திரும்பப் பார்த்தேன். வரி அப்படியே இருந்தது. ஓடைப் பக்கமிருந்து அந்த மண் வாசம் மெல்ல வந்தது.

அவர் மூக்கை உறிஞ்சினார். மழைக்கு வருகிற வாசம் என்றார்.

"என்ன பிள்ளை, அப்பிடிப் பார்க்கிறீர்? ஏதும் பிழையோ?"

சொல்லியிருக்கலாம். இப்போதே கேற்றுக்கு ஓடுங்கள், அந்த மனுசியோடு பொலிஸுக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள், இன்னும் நேரம் இருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே பத்மாதேவி குடையை மடக்காமல், மழையில் வீதியால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"இல்லை சேர்," என்றேன். "ஒரு பிழையும் இல்லை."

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பட்டிஸை எடுத்தார். ஓடையின் கடைசியில், கணினி ஒன்றுமே இல்லாத அந்த அறைக்குள், தட்டுகிற சத்தம் தொடங்கியது. இந்த முறை இரண்டு பேர் தட்டினார்கள்.